பதினாலாவது பேர்

கூழ் வடாமுக்கு மே மாதத்து வெயில்தான் தோது. அதிலும் பள்ளிக்கூட மணி அடிக்காத மே மாதம் என்றால் கேட்கவே வேண்டாம் என்று நினைத்தபடி, மொட்டை மாடியில் விரித்திருந்த பழைய நீல நூல் சேலையில் சுகந்தி இன்னொரு கரண்டி கூழை ஊற்றினாள். லீவு விட்டுப் பதினெட்டு நாள். எட்டேகால் பஸ்ஸைத் துரத்த வேண்டாம், இடுப்பில் பிள்ளை தோளில் பை வாயில் ஹேர்பின் என்று ஓட வேண்டாம், சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு தயிர் சாதம் தின்ன வேண்டாம். இரண்டாவது டீயை ஆற அமரக் குடிக்கலாம், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அது காதோரம் வழியும் வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம், மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, பல் கூசுகிற வரை தின்னலாம். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் புருஷன் முருகவேல் சாயங்காலம்தான் வருவார், அதுவரை வீடு அவளுக்கும் நாலு வயசு மகிழினிக்கும்தான். எல்லாம் சுகம்தான். ஆனால் கரண்டி ஒவ்வொரு தடவை சேலையில் வட்டம் போடும்போதும் அவள் உதடு அசைந்தது. அபிநயா, ஒரு வட்டம். அருள்குமரன், ஒரு வட்டம். ஆகாஷ், ஒரு வட்டம். ஒன்பதரை ஆனால் வாய் தானாகப் பேர் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறது, நிறுத்தினால் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. பக்கத்து மாடியில் மிளகாய் காயப்போட வந்த தனபாக்கியம் கைப்பிடிச் சுவர் மேல் சாய்ந்துகொண்டு, "என்னா டீச்சரம்மா, காக்கா வராம இருக்க மந்திரம் ஓதுறீங்களா?" என்றாள். "ஆமாக்கா, ஒங்க மொளகாய்க்கும் சேத்துத்தான் ஓதுறேன், தட்சணை வச்சிடுங்க" என்றாள் சுகந்தி. "ஓதுங்க ஓதுங்க. லீவு வுட்டாலும் பள்ளிக்கூடம் ஒங்கள வுடாது போலருக்கு" என்று சிரித்துக்கொண்டே அவள் படியிறங்கிப் போய்விட்டாள். சுகந்தியும் சிரித்தாள். கரண்டி மட்டும் கொஞ்ச நேரம் சட்டிக்கு மேலேயே நின்றது.

சட்டி அடிதட்டியதும் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எட்டு வரிசை, வரிசைக்கு இருபது. அப்படித்தான் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே இடத்தில் ஒரு வட்டம் விட்டுப்போயிருந்தது. மேலிருந்து கீழ்வரைக்கும் சேலை ஒரு நீலச் சந்து மாதிரி தெரிந்தது, ஓர் ஆள் நடந்து போகலாம், ஆளென்றால் பெரிய ஆள் இல்லை, ஒரு எட்டு வயசுப் பிள்ளை கால் வைத்து நடக்கிற அகலம். எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். பதிமூன்று. அப்புறம் சந்து. வேண்டுமென்று அவள் விடவில்லை, கை தானாகத் தாண்டியிருக்கிறது. இதென்ன கிறுக்கு, இங்கே வட்டம் போடாமல் தாண்டத் தெரிகிற கைக்குப் பள்ளிக்கூடத்தில் கோடு போடாமல் தாண்டத் தெரியவில்லையே என்று தோன்றியதும், அந்த நினைப்பை அப்படியே அமுக்கிவிட்டு, சட்டியை வழித்து வழித்து, அடிக்கூழில் எட்டுத் துளி எடுத்துச் சந்தை அடைத்தாள். வீட்டுக்காரி வேலை, முடிந்தது. நிழலில் உட்கார்ந்து கையைத் துடைத்தாள். அரை மணி நேரம் போயிருக்கும், மற்ற வட்டமெல்லாம் மேலே ஏடு கட்டி மங்கிவிட்டன, அந்த எட்டு மட்டும் ஈரமாக, முழித்துக்கொண்டிருக்கிற கண் மாதிரிப் பளபளத்தன. பிந்தி ஊற்றியது பிந்தித்தானே காயும். அதுவும் அடிக்கூழ், நீர்த்தது. இதைச் சொல்ல ஒரு டீச்சர் வேண்டுமா? வேண்டாம்தான். ஆனாலும் அவள் எழுந்து அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். முதுகு காட்டினால் இன்னும் மோசம். முதுகில் வெயில் படுகிறதா, யாராவது பார்க்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று பதினாலாம் நம்பர் வரவில்லை. பேர் சிந்துஜா, மூன்றாம் வகுப்பு. அம்மா அப்பாவோடு திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டாள், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டு சர்வேஷ் சொன்னான். பேருக்குத்தான் ஐந்து வகுப்பு, இருப்பது ஒரே கூடம், இரண்டு டீச்சர், இருபது பிள்ளைகள். சுகந்தி பேனாவை எடுத்ததும் தலைமையாசிரியர் பாக்கியலட்சுமி கையைப் பிடித்துக்கொண்டார். "பேர அடிச்சிடாத சுகந்தி. இருபது பத்தொம்பது ஆச்சின்னா, ரெண்டு டீச்சர் எதுக்குன்னு கேப்பாங்க. ஒன்னத் தூக்கி எங்கனா மல மேல போட்ருவாங்க, இந்தப் புள்ளய வச்சிக்கிட்டு என்னா பண்ணுவ? சூளைக்குப் போனவங்க ஆடிக்குள்ள வந்துருவாங்க. ஒரு கோடுதான. யாரு குடி கெட்டுப்போவுது?" யார் குடியும் கெடாது என்றுதான் சுகந்திக்கும் பட்டது. மல்லிப்பூ வாசனை வீசுகிற அந்த டீச்சர் கெட்டவரும் இல்லை, பிரசவத்துக்குப் பிறகு அவளுக்காக இரண்டு மாசம் இரண்டு பேர் வேலையை ஒற்றையாளாகப் பார்த்தவர். காலையில் இப்படிச் சாய்த்து ஒரு கோடு, மதியம் அதன் மேல் அப்படிச் சாய்த்து ஒரு கோடு, வந்த பிள்ளைக்குப் போடுகிற பெருக்கல் குறி. முதல் நாலு நாள் பேரைக் கூப்பிடாமல் கோட்டை மட்டும் போட்டாள். ஐந்தாம் நாள் வேறெதையோ நினைத்துக்கொண்டு, சர்வேஷுக்குப் பிறகு பழக்கத்தில் "சிந்துஜா" என்று கூப்பிட்டுவிட்டாள். "உள்ளேன் டீச்சர்" என்று பதில் வந்தது. மெல்லிசுக் குரல், சுவரிலிருந்து வந்த மாதிரி. தலையைத் தூக்கினாள். பத்தொன்பது பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் வேலை இது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால், இல்லாத பிள்ளைக்கு எதற்கு டீச்சர் கோடு என்று ஒன்று திருப்பிக் கேட்டுவிட்டால்? குனிந்து கோட்டைப் போட்டாள். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். பத்து நாளில் அது பழகிப்போய்விட்டது, பழகிப்போனது கூடப் பெரிசில்லை, அந்தக் குரல் வந்தால்தான் கை லேசாக ஓடியது. மாசியில் ஒரு நாள் குரல் வரவில்லை. எங்கே போனாள் இவள், ஒரு நாள் ஒழுங்காக வரத் தெரியாதா என்று சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே கோட்டைப் போட்டாள். அன்று மகிழினிக்குக் காய்ச்சல், தினம் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போகிற பிள்ளையைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அதையும் இதையும் சேர்த்து நினைக்க அன்றைக்கு நேரமில்லை. ஏன் நேரமில்லை? இருந்தது. நினைக்கவில்லை.

முட்டை ஞாபகம் இந்த இடத்தில்தான் எப்போதும் வந்து இடறும். இருபது பேர் என்று கோடு போட்டால் மதியச் சாப்பாட்டுக்கு இருபது முட்டை அவியும், பத்தொன்பது வாய்தான் இருக்கும். வீணாகப் போகக் கூடாது என்று பின்வரிசையில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருக்கும் மகிழினியைச் சமையல் செய்கிற பூங்காவனம் கூப்பிட்டு அந்த ஒன்றைக் கொடுத்துவிடும். பிள்ளைக்குக் கன்னம் கூட இந்த மூன்று மாசத்தில் கொஞ்சம் உப்பியிருக்கிறது, முருகவேல் கூடச் சொன்னார். வளர்கிற பிள்ளை, தின்னட்டுமே. அங்கே அந்தப் பிள்ளை என்ன தின்றதோ. வேண்டாம், அதற்குள் போக வேண்டாம், வெயில் ஏறிவிட்டது, வடாமைப் பார். பார்த்தாள். எட்டும் இன்னும் ஈரம்தான். ரெஜினா மேடம் வந்த அன்றும் இப்படித்தான் வெயில், பள்ளிக்கூடம் மூட நாலு நாள் இருந்தது. குழந்தைத் தொழிலாளர்களைக் கணக்கெடுக்கிறவர், குட்டையாக, வியர்த்து வழிந்துகொண்டு, கையில் ஒரு கோப்பு. தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தார், அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் மார்பளவுச் சுவர்தான். "சூளையில ஒரு பொண்ணு கல்லு தூக்கிக்கிட்டு இருந்துச்சு டீச்சர். கேட்டா ஒங்க பள்ளிக்கூடத்துப் பேரச் சொல்லுது. பேரு சிந்துஜா, மூணாவது, சுகந்தி டீச்சர்ங்குது. என்னைய அங்க கொண்டு போய் வுடுங்கன்னு அழுவுது. சூளைக்காரரு, பொய்ங்க, அது எங்கியும் படிக்கல, வயசும் பதினஞ்சுங்குறாரு. நிஜம்னா சொல்லுங்க, ஆதாரத்தோட போயி இட்டாந்துருவேன்." பாக்கியலட்சுமி டீச்சர் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை, பதிவேட்டைத் திருப்பி வைத்தார். அறுபத்து மூன்று பெருக்கல் குறி. ரெஜினா மேடம் விரலால் அந்த வரிசையைத் தடவிக்கொண்டே போனார். "இன்னிக்கும் வந்திருக்கா?" "மத்தியான அட்டெண்டன்ஸ் எடுக்கற நேரந்தான், கேட்டுக்குங்க" என்றார், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தினம் அந்தக் குரலைக் கேட்டிருக்கும் பாக்கியலட்சுமி டீச்சர், சுகந்தியைப் பார்த்துக்கொண்டு. சுகந்தி கூப்பிட்டாள். என்ன செய்வது, மணி இரண்டு, கூப்பிடுகிற நேரம், கூப்பிட்டாள். சஞ்சய். சர்வேஷ். சிந்துஜா. "உள்ளேன் டீச்சர்." சுவருக்கு அந்தப் பக்கம் கோப்பு மூடுகிற சத்தம் கேட்டது. "அப்ப அது யாரோட பேரையோ சொல்லியிருக்கு. பாவம், பயத்துல எதையாச்சும் சொல்லுங்க பிள்ளைங்க" என்றார் ரெஜினா மேடம். போகும்போது, தகவல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று சுகந்தி நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு மேல் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. வெயிலுக்குச் சத்தம் உண்டு என்று அவளுக்கு இந்த லீவில்தான் தெரிந்தது, காதுக்குள் ஒரு ஊசி நுனியை நிறுத்தி வைத்த மாதிரி. மாடியில் நிழல் எல்லாம் காலடிக்குள் ஒடுங்கிவிட்டது, கொடிக் கம்பிக்கு நிழல் இல்லை, அவளுக்கே நிழல் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மட்டும் ஒரு சாண் நிழல், அதில் மகிழினி துணி கிளிப்புகளை வரிசையாக நிறுத்தி டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். தினம் விளையாடுவதுதான். சுகந்தி கண்ணை மூடித் தொட்டியின் தூணில் சாய்ந்தாள். பிள்ளை பேர் கூப்பிட்டது, அவளை மாதிரியே, கடைசி எழுத்தை இழுத்து. ஆகாஷ். உள்ளேன் டீச்சர், இது தடித்த குரல். இலக்கியா. உள்ளேன் டீச்சர், இது மூக்கால். எல்லாப் பிள்ளைக்கும் ஒரு குரல் வைத்திருக்கிறதே குட்டி, நாமே இத்தனை கவனித்ததில்லையே என்று சிரிப்பு வந்தது. சஞ்சய். சர்வேஷ். சிந்துஜா. "உள்ளேன் டீச்சர்." மெல்லிசாக, சுவரிலிருந்து வந்த மாதிரி. சுகந்தியின் சிரிப்பு நின்றது. கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை. திறந்தாள். தொட்டிக்கடியில் மகள் மட்டும்தான். "யாருடி பேசினது?" "சிந்துஜா." "சிந்துஜா எங்கடி இருக்கா?" மகிழினி, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவளைப் பார்த்தது. கிளிப்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெஞ்சில் கையை வைத்தது. "நான்தாம்மா. இங்க மகிழினி. ஸ்கூல்ல சிந்துஜா." "யாரு சொன்னா?" "பூங்காவனம் ஆயா. சிந்துஜா வந்தாத்தான் முட்டை, நீ சிந்துஜாவான்னு கேக்கும். நான் ஆமான்னு சொல்லுவேன். அப்பறம் நீ கூப்புடுவ, நான் சொல்லுவேன். நீ கோடு போடுவ."

வெயில் நின்ற இடத்திலேயே நின்றது. அப்படியென்றால் அந்தக் குரல் இதுதான், பேயும் இல்லை பிசாசும் இல்லை, மூக்கு ஒழுகுகிற தன் பிள்ளைதான், விட்டது பயம் என்று நெஞ்சு ஒரு நொடி லேசானது, லேசான அந்த நொடியிலேயே வேறொன்று வந்து அடைத்தது. என்னைக் கொண்டுபோய் விடுங்கள் என்று அங்கே ஒரு பிள்ளை அழுதது. இங்கே அவளுடைய பிள்ளை, அவள் பெற்ற பிள்ளை, வாயில் முட்டையை வைத்துக்கொண்டு, நான்தான் அது, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டது. அம்மா கூப்பிட்டாள், சொன்னது. ஒருத்தி இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இங்கே இருப்பவள் சிந்துஜா என்றால் அங்கே கல் தூக்குகிறவள் யார்? பேரில்லாத ஒருத்தி. பேரை இங்கே பிடித்து வைத்துக்கொண்டு ஆளை அங்கே நிறுத்தியாயிற்று. அல்லது மாற்றிப் பார், சிந்துஜா இங்கே என்றால் மகிழினி எங்கே? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்ததும் அவள் எழுந்து தொட்டிக்கடியில் குனிந்து பிள்ளையை வாரி இழுத்து முகத்தைப் பார்த்தாள், மூக்கு, நெற்றியில் அம்மைத் தழும்பு, உப்பின கன்னம், கன்னத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒம் பேரு என்னாடி?" "வலிக்குதும்மா." "பேரச் சொல்லு!" "மகிழினி" என்று பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. சொன்ன பிறகும் அவளுக்கு அடங்கவில்லை. ஆடிக்குள் வந்துவிடுவார்கள் என்றாரே டீச்சர். வராவிட்டால்? உண்மையைச் சொன்னால் வேலை போகும். போகட்டுமா? போனால் என்ன, தனபாக்கியம் மாதிரி மிளகாய் காயப்போட்டுக்கொண்டு இருக்கலாம், இல்லை, போகக் கூடாது, வீட்டுக் கடன் இருக்கிறது, முருகவேல் என்ன சொல்வார், பாக்கியலட்சுமி டீச்சருக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ், அவரையும் சேர்த்து இழுக்கிற மாதிரி ஆகும், ஜூன் வரட்டும், பேரை அடித்துவிடலாம், அடித்துவிட்டால் அத்தனை நாள் போட்ட கோடும் அடிபடுமா, படாது, மையால் போட்டது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த மனசுக்குத் தெரியாமல் கை போனை எடுத்திருந்தது.

"ரெஜினா மேடங்களா? நான் சுகந்தி டீச்சர் பேசுறேன். அன்னிக்கு வந்தீங்களே." அந்தப் பக்கம் பஸ் சத்தம். "சொல்லுங்க டீச்சர்." "அந்தப் புள்ள பொய் சொல்லலைங்க. சிந்துஜா தை மாசத்துலேர்ந்து ஒரு நாளும் வரல. கோடெல்லாம் நான் போட்டது." "கொரல் கேட்டுச்சே டீச்சர், என் காதால கேட்டேனே?" "அது எம் பொண்ணு." ரெஜினா மேடம் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "சூளையப் போன வாரம் மூடிட்டாங்க டீச்சர்" என்றார் அவர், அலுத்துப்போன குரலில். "கோடை மழை புடிச்சிக்கிச்சி. ஆளுங்கள லாரியில ஏத்தி வேற எடத்துக்குக் கொண்டு போயிட்டாங்க, எங்கன்னு விசாரிக்கணும். நான் ஒரு நாள்ல நாலு சூளை பாக்குறேன், எனக்கு முகம் நெனவில்ல. போட்டோ இருக்கா?" "இல்லிங்க. குரூப் போட்டோ எடுத்த அன்னிக்கு அவ வரல." "சரி, அடையாளம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சுகந்தி வாயைத் திறந்தாள். அபிநயாவின் முகம் வந்தது, அருள்குமரனின் ஓட்டைப் பல் வந்தது, சர்வேஷின் சுழி வந்தது, சுவாதியின் கம்மல் வந்தது. சர்வேஷுக்கும் சுவாதிக்கும் நடுவில் ஒரு பெருக்கல் குறிதான் இருந்தது, கறுப்பு மையில், அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பின்னால் தன் மகளின் முகம். இரண்டரை வருஷம் தன் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை. கறுப்பா சிவப்பா? ஒல்லிதான், எல்லாப் பிள்ளையும் ஒல்லிதான். சிரித்தால் எப்படி இருக்கும், சிரித்ததா? பளிச்சென்ற வெயிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு தேடினாள், முகம் கிடைக்கவில்லை, கழுத்துக்குக் கீழே போனாள், பித்தான் போன சட்டை, அதற்குக் கீழே ஒரு சிலேட்டு, சிலேட்டின் மேல் ஒரு கை. "டீச்சர், இருக்கீங்களா?" "எடது கைங்க" என்றாள் சுகந்தி. "எடது கையாலதான் எழுதுவா. நான்தான் ஸ்கேலால தட்டித் தட்டி மாத்தினேன். பொங்கலுக்கு முன்னாடிதான் வலது கைக்கு வந்தா. இப்ப எந்தக் கைன்னு தெரியாதுங்க."

"அங்க யாரு டீச்சர் அவ கையப் பாக்கப் போறாங்க? பழைய கைக்கே போயிருக்கும்" என்றார் ரெஜினா மேடம். பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. "எடது கை. எழுதிட்டேன். லாரிக்காரனப் புடிச்சிட்டுக் கூப்புடுறேன், நீங்க எங்கூட வரணும். ஒரு தடவ பேரச் சொல்லிப் பொய்க்காரின்னு ஆயிப்போச்சி, நான் போயி பேரச் சொல்லிக் கூப்ட்டா, இனிமே அந்தப் புள்ள நான்தான்னு சொல்லாது."